தண்பதியின் கதவு

1876 ஆகஸ்ட் 3, வியாழன். சாலோம்புரம்

கோயில் கிணறு இன்று காலை நின்றுவிட்டது. நேற்று ஏழு குடம் இறைத்தோம். இன்று வாளியில் வந்தது ஈர மணல்.

பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். இன்று பெயர் கூப்பிட்டபோது பதினேழு பேர் குரல் கொடுத்தார்கள். அதிலும் நாலு பேர் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்.

எல்லாரும் ஆற்றங்கரை ஊர்களுக்கு நடந்து போய்விடலாம் என்கிறார் குருவானவர். முப்பது மைல். நடக்க முடிந்தவர்கள் போன மாதமே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நடக்க முடியாதவர்களும் அவர்களை விட்டுப் போக முடியாதவர்களும்.

மத்தியானம் பனையேறி கொம்பையா அண்ணன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மூன்று வருஷத்துக்கு முன் மனைவியைப் பேதிக்குக் கொடுத்த மனிதர். அதிகம் பேசமாட்டார். மடியிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வாத்திச்சியம்மா, இது உங்க வீட்டுக்காரர் இழுத்துட்டுப் போன சங்கிலியில உள்ளதுதானா, பாருங்க."

அதுதான். நிலம் அளக்கும் சங்கிலியில் இடைவெளி விட்டுத் தொங்கும் வில்லை. பின்புறத்தில் ஊசியால் கீறிய 'வே. மா.' என் கணவர் பெயரை இங்கே எழுதினால் தப்பில்லை: வேதமாணிக்கம். நில அளவைக் கச்சேரியில் சங்கிலிக்காரர். ஏழு வருஷத்துக்கு முன் இதே ஆகஸ்டில், எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதத்தில், ஊருக்கு மேற்கே உள்ள தேரியை, அந்தச் செம்மணல் காட்டை, அளக்கப் போனார். திரும்பவில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கச்சேரி ஆட்கள் மூன்று நாள் தேடினார்கள். செம்மணல் மூடியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எங்கன கெடந்தது?" என்று கேட்டேன்.

"தேரிக்கு நடுவுல. காத்து ஒரு மேட்டையே தூக்கி அங்கிட்டுப் போட்டிருக்கு. அடியில கல்லுக் கட்டடம் தெரியுது. நான் கிட்டப் போகல. தரைக்குள்ள இருந்து ஒரு சத்தம் வருது, அம்மா. ஆளுக முனங்குத மாதிரி."

தண்பதி என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் வற்றாத தெப்பக்குளம் உள்ள பட்டணமாம் அது. பஞ்சத்தில் தண்ணீர் கேட்டு வந்த ஜனங்களை உள்ளே விடாமல் கோட்டைக் கதவை மூடினார்களாம். வந்தவர்கள் கதவடியிலேயே செத்தார்கள். மறுநாள் விடிந்தபோது பட்டணத்தின் மேல் மணல் நின்றது.

கதைதான். ஆனால் வில்லை கதையில்லை.

"தண்ணி இருக்குமா?" என்றேன்.

"மணலு ஈரமா இருந்துச்சு," என்றார்.

ஆகஸ்ட் 5, சனி. தேரி

நேற்று விடியற்காலை புறப்பட்டோம். அந்நிய ஆணோடு போவதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. பேசுவதற்கு நாக்கில் ஈரம் வேண்டுமே. மாமியார் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவனைக் கூட்டிட்டு வா," என்றார்.

இரண்டு சுரைக்குடுவைத் தண்ணீர், கருப்பட்டி, பனங்கிழங்கு மாவு, கொம்பையா அண்ணன் முறுக்கிய நார்க்கயிறு, ஒரு சிரட்டை, இந்த நோட்டு, பென்சில். மணலில் கால் கணுக்கால்வரை புதைகிறது. பனைமரங்கள் கழுத்துவரை மூழ்கித் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயில் ஏறியதும் அந்தத் தலைகளுக்கடியில் சுருண்டு படுக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம்.

அண்ணன் அடையாளம் வைத்திருந்த இரட்டைப் பனையைக் காணோம். மேடு இடம் மாறிவிட்டது.

ஆகஸ்ட் 7, திங்கள்

கச்சேரிக் கணக்கில் தேரியின் குறுக்களவு ஏழு மைல். நான்கு நாளாக மேற்கே நடக்கிறோம். முடியவில்லை. சூரியனைப் பார்த்துத்தான் நடக்கிறோம், சுற்றி வரவில்லை. எங்கள் காலடி ஒன்றுகூட எதிர்ப்படவில்லை. இந்த மணல் உள்ளே வர வர நீளுகிறது என்றார் அண்ணன். அவருக்குப் பயம். என்னிடம் காட்டக் கூடாது என்று பனைகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒரு குடுவை தீர்ந்தது. மத்தியானக் காற்றில் மணல் பறந்து கண்ணை மூடியபோது நான் தடுக்கி விழுந்தேன். இரண்டாவது குடுவை எனக்கு அடியில் சிக்கி உடைந்தது. அரைக்குடுவைத் தண்ணீர் கண் முன்னே மணலுக்குள் போயிற்று. நான் அந்த ஈர மணலை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திட்டுவார் என்று நினைத்தேன். என் முகத்திலிருந்து மணலைத் தம் துண்டால் துடைத்துவிட்டு, "அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 8

அண்ணன் என்று கூப்பிட வாய் வரவில்லை. தொண்டை வறண்டதால்தான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

திரும்பிப் போகலாம் என்று காலையில் நான்தான் சொன்னேன். கொம்பையா கிழக்கைக் காட்டினார். வந்த வழியில் பார்வை முடியுமட்டும் மணல். முன்னால் இருப்பதும் அதே மணல்.

"திரும்பினாலும் ஆறு நாளு. தண்ணி இல்லாம ஆறு நாளு நடக்க ஏலாது. முன்னால போனா ஒருவேளை உண்டு," என்றார்.

பத்து மணி சுமாருக்கு என்னால் நிற்க முடியவில்லை. என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் ஞாபகம். பனையேறிகளின் மார்பு காய்ப்புக் காய்த்திருக்கும் என்று தெரியும். தோளும் அப்படித்தான் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். காற்றில் வரவில்லை. அவர் காலிலிருந்து என் உடம்புக்குள் ஏறியது. நீளமான ஒரே முனகல். மூச்சு வாங்காத முனகல்.

மேட்டைத் தாண்டியதும் பள்ளத்தில் ஒரு கருங்கல் மேடை. கோட்டைக் காவல் கோபுரத்தின் உச்சி. நடுவில் ஆள் நுழையுமளவு சதுர வாய். உள்ளேயிருந்து குளிர்ந்த ஈரக்காற்று வருகிறது. வாயைச் சுற்றிக் கல் வியர்த்திருக்கிறது. இரண்டு பேரும் நாய்களைப் போல அந்தக் கல்லை நக்கினோம். பிறகு துண்டால் ஒற்றிப் பிழிந்தால் அரைச் சிரட்டை சேர்கிறது என்று கண்டுபிடித்தார். முதல் சிரட்டையை எனக்குக் கொடுத்தார். இரண்டாவதையும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஆழம் பார்க்க ஒரு காய்ந்த ஓலையைக் கொளுத்தி உள்ளே போட்டார் கொம்பையா. விளிம்பைத் தாண்டிய உடனே அது தயங்கி நின்றது. சுடர் ஆடவில்லை. தேனுக்குள் போட்டதைப் போல மெதுவாக, மெதுவாக இறங்கியது. ஓர் ஆள் உயரம் போவதற்குள் நான் நூற்றைம்பது சங்கீதங்களில் எனக்குத் தெரிந்த பத்தைச் சொல்லி முடித்தேன்.

கொம்பையா விளிம்பிலிருந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அங்கன நேரம் வேற," என்றார்.

"ஆமா."

"உள்ள கொஞ்ச நேரம் இருந்தா, வெளிய நாள்கணக்குல போயிரும்."

"ஆமா. அப்படின்னா உள்ள போனவங்க இன்னும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அவரும் என்னைப் பார்க்காமல் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் 12, சனி. காலை

நான் இறங்குகிறேன். கயிறு பிடிக்க வலு உள்ளவர் மேலே இருக்க வேண்டும். கணவரை அடையாளம் தெரிந்தவள் கீழே போக வேண்டும். நோட்டைக் கொம்பையாவிடம் கொடுக்கிறேன். அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். பத்துக் கோடு ஆனதும் ஊருக்குப் போய்விடும்படி சொன்னேன். தலையை ஆட்டினார். சரி என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை.

| | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | | |

செப்டம்பர் 24, ஞாயிறு

மேலே உள்ளவை அவர் போட்ட கோடுகள். நாற்பத்து மூன்று. நான் உள்ளே இருந்தது மூன்று மணி நேரம்கூட இருக்காது. நடந்ததை மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

என்னை இறக்கியது இரண்டு நிமிஷம்தான் எனக்கு. நிமிர்ந்து பார்த்தபோது வாயின் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்து இருண்டது. அங்கே பொழுதே சாய்ந்துவிட்டது.

கீழே தெரு. வானம் இல்லை. கோபுர உயரத்தில் செம்மணல் பந்தல்போல் நின்றது, ஒரு மணிகூட உதிராமல். வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. வீதியின் இருபுறமும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் மண்டியிட்டுக் குடித்தேன். நிமிர்ந்தபோதுதான் ஜனங்களைக் கவனித்தேன். எல்லாரும் வாசலில் நின்றார்கள். எல்லாரும் கோட்டை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பாதிப்பேர் காதைப் பொத்தியிருந்தார்கள்.

மேலே முனகலாகக் கேட்டது இங்கே அழுகை. ஆண், பெண், குழந்தை. "தண்ணி" என்ற ஒரே சொல். கதவுக்கு அப்பாலிருந்து.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியிடம் போனேன். "கதவை மூடி எத்தனை நாளாயிற்று?"

"முந்நூறு நாள். பேசாதே அம்மா. போய்விடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்றாள்.

கோட்டை வாசலில் காவல்காரர்களோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கட்டுத்துணி என் நீலச் சேலையின் முந்தானை. தேரிக்குப் புறப்பட்ட அன்று காலை மாட்டுத்தொழுவத்தில் இடறிக்கொண்டார். நான்தான் கிழித்துக் கட்டிவிட்டேன். நான் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது.

அவர் திரும்பினார். இருபத்து நான்கு வயது முகம். எனக்கு இப்போது இருபத்தாறு.

"ஞானப்பூ! நீ எப்படி இங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருவேன்னு சொன்னேன்லா?" என்றார். பிறகு கிட்டே வந்து என் முன்நெற்றியைத் தொட்டார். "இதென்ன நரை? ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

நான் சொன்னேன். ஏழு நாள் இல்லை, ஏழு வருஷம் என்று. ஊரில் கிணறு நின்றது, பிள்ளைகள் பதினேழு பேரானது, எல்லாம். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து கதவைப் பார்த்தார்.

"மணல் சரிஞ்சு உள்ள விழுந்ததுல இருந்து ஏழு நாளா இவங்ககிட்ட மன்றாடுதேன். தூக்குக் கதவு. சக்கரத்தைச் சுத்தினா ஏறும். ஆனா நிறுத்துத கட்டை முறிஞ்சு போச்சு. ஏத்தினவன் தண்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். இவங்க ஒருத்தனும் தொடமாட்டான். திறந்தா செத்தவங்க உள்ள வந்துருவாங்கன்னு பயம். ஒத்த ஆளால ஏத்த முடியல. இப்ப ரெண்டு பேரு இருக்கோம்."

காவல்காரர்கள் ஈட்டியை நீட்டினார்கள். ஆனால் ஓரடி முன்னால் வரவில்லை. முந்நூறு நாள் அந்த அழுகையைக் கேட்டவர்கள் அவர்கள். என் கணவர் ஈட்டி முனையைக் கையால் தள்ளிவிட்டு நடந்தார். நானும் போனேன். யாரும் குத்தவில்லை.

சக்கரத்தை இருவருமாகச் சுற்றினோம். என் உள்ளங்கைத் தோல் கிழிந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பாறைக் கதவு ஒரு விரற்கடை ஏறியது. ஒரு சாண் ஏறியது. வாய்க்கால் தண்ணீர் திரும்பி, கதவுக்கடியில் வெளியே பாய்ந்தது.

அழுகை நின்றது.

அப்புறம் தண்ணீர் குடிக்கும் சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குடிக்கிற சத்தம். உள்ளே யாரும் வரவில்லை. குடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன். காதைப் பொத்தியிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். பிள்ளையோடு நின்றவள் தெருவிலேயே உட்கார்ந்து கதறினாள்.

என் கணவர் தண்டைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "தண்ணி இனி வெளிய போவும். நீ கெளம்பு. ஊருல ஆள் கூட்டிட்டு வா. நான் ஒரு நாள் முழுக்கத் தாங்குவேன்."

"உங்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு வருஷம்."

"அப்ப நல்லதுதானே. ஒனக்கு ஒரு வருஷம் தவணை இருக்கு." சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மேல கயிறு பிடிச்சிருக்கது ஆரு?"

"வழி காட்ட வந்தவர். கொம்பையான்னு பேரு. பனையேறி."

"எத்தனை நாளா நிக்கான்?"

"தெரியல. ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் போ," என்றார்.

காவல் கோபுரத்துக்கு ஓடினேன். கயிற்றை அசைத்தேன். அது என்னைத் தூக்கியது. வாயை நெருங்கும்போது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கொம்பையாவின் முகம் தெரிந்தது. விலா எலும்பை எண்ணலாம். தாடியில் செம்மணல். என்னை விளிம்பில் தூக்கி உட்கார வைத்த மறுகணம் கல்லுக்கடியில் ஏதோ இறங்கியது. ஓடுகிற தண்ணீர் கோபுர அடியை அரித்திருக்க வேண்டும். மேட்டு மணல் சரிந்து வாய்மேல் கொட்டியது. என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தபோது மேடையும் இல்லை, வாயும் இல்லை.

"என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்!" என்று கத்தினேன். கையால் மணலைத் தோண்டினேன். அவரும் பக்கத்தில் விழுந்து தோண்டினார். தோண்டத் தோண்டச் சரிந்தது. அப்போதுதான் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். தோலே இல்லை.

"என்ன இது?"

"எறக்கும்போது காலையில இருந்து பொழுது சாயுத வரைக்கும் ஆச்சு. தூக்கும்போதும் அப்படித்தான். விட்டா விழுந்துருவீகள்லா," என்றார்.

பத்துக் கோட்டில் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 26, செவ்வாய். சாலோம்புரம்

திரும்பும் வழி ஒன்றரை நாள்தான். தேரியின் கிழக்கு அடிவாரத்தில், கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. ஏழு நாளாக வருகிறதாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு ஏறியதற்கும் நான் கயிறு ஏறியதற்கும் இடையே இருபது நிமிஷம் இருக்கும். இங்கே அது ஐந்து நாள், ஏறியதும் நடந்ததும் இரண்டு நாள். சரியாக இருக்கிறது.

பிள்ளைகள் பதினோரு பேர். நான் உள்ளே இருந்தபோது போனவர்கள் ஆறு. பெயர்களை இங்கே எழுத இன்று முடியாது.

மாமியாரிடம் சொன்னேன். "உயிரோட இருக்கானா?" என்றார். "தண்ணி வரும்வரை இருக்காருன்னு அர்த்தம்," என்றேன். அவர் ஊற்றண்டை போய் உட்கார்ந்து தண்ணீரில் கைவைத்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வர மறுக்கிறார்.

அக்டோபர் 9

கதவு திறந்ததிலிருந்து தேரி சுருங்கிக்கொண்டே வருகிறது; மேடு இப்போது இரண்டு மணி நேர நடைதான். தோண்ட இருபது பேர் வந்தார்கள். மாலையில் வெட்டினதெல்லாம் மூடிக்கொண்டது.

அக்டோபர் 16

எட்டுப் பேர்.

நவம்பர் 20

இந்த வருஷமும் மழை இல்லை. சுற்றுப்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் நம் ஊற்றுக்கு வருகிறார்கள். குடிக்கிறார்கள். யாருக்கும் கதவைப் பற்றிக் கேட்க நேரமில்லை. இன்று மேட்டில் தோண்டியது கொம்பையாவும் நானும் மட்டும். பனைமரத்தைப் பிளந்து பலகையாக்கி, மணல் சரியாமல் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டே இறங்குகிறார். ஒரு நாளைக்கு ஒரு முழம்.

1877 ஜனவரி 13

குருவானவர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏழு வருஷம் காணாமல் போனவரை இறந்தவராகப் பதியச் சட்டத்தில் இடம் உண்டு, அதன்பின் நீ விரும்பினால், என்றார். யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஊரே பேசுகிறது போல. ஊருக்கு நாக்கு நனைந்துவிட்டது.

"என் கணவர் இந்த நிமிஷம் தோளில் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்," என்றேன். குருவானவர் ஜெபித்துவிட்டு எழுந்து போனார்.

இதைக் கொம்பையாவிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "அவுக கை தளராம இருக்கணும், வாத்திச்சியம்மா. அது போதும்," என்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 3

பலகை முறிந்து கொம்பையா இடுப்புவரை மணலில் சிக்கினார். கையால் பறித்து எடுத்தேன். மூச்சு வந்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். களைப்பு.

மே 9, புதன்

கல் தட்டுப்பட்டது! வாய் தெரிகிறது. ஈரக்காற்று வருகிறது. இப்போது முனகல் இல்லை. அமைதியாக இருக்கிறது.

அடுத்த மாதம் காற்று தொடங்கிவிடும். அதற்குள் என் கணவரைக் கொண்டுவர வேண்டும். நாளைக் காலை நான் இறங்குவதாக முடிவு. பெண்ணால் அந்தத் தண்டைத் தாங்க முடியுமா என்று ஊரில் கேட்டார்கள். அவர் மேலே வர வேண்டும் என்றால் யாராவது தாங்கத்தான் வேண்டும் என்றேன். கொம்பையா கயிற்றுக்குப் புது நார் முறுக்கிக்கொண்டிருந்தார்.

மே 10, வியாழன்

நான் மேட்டுக்கு வருமுன் கொம்பையா இறங்கிவிட்டார். கயிறு பிடித்திருந்த ஆறு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். பாதித் தூரத்தில் அசையாமல் தொங்குவதைப் போல இறங்கிக்கொண்டிருந்தார். முகம் மேலே பார்த்திருந்தது. கூப்பிட்டேன். என் குரல் அவருக்கு எட்டும்போது என்னவாகக் கேட்டிருக்கும்? கொசு ரீங்காரம்போல இருந்திருக்கும். பொழுது சாயும்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 14, திங்கள்

என் கணவர் வந்துவிட்டார்.

காலையில் கயிறு அசைந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே எடுத்தோம். கண் கூசித் தரையில் கிடந்தார். இரண்டு தோளும் கன்றிக் கறுத்திருந்தன. பதினாறு மணி நேரம் தாங்கியிருக்கிறார். மாமியார் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஊர் முழுக்கப் பாடியது. நான் மேட்டின் மறுபக்கம் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

சந்தோஷத்தில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள். அவர் நினைக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் தடுமாறி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தாளு என்ன சொன்னாருன்னு கேக்கலியே நீ," என்றார்.

"என்ன சொன்னார்?"

"ஓடி வந்தாரு. தண்டுக்கு அடியில தோளைக் குடுத்தாரு. 'நீங்க போங்க, அவுக காத்திருக்காக'ன்னாரு. அவ்வளவுதான். நான் ஒரு கேள்வி கேட்டேன். 'நீரு காத்திருக்கலியா'ன்னு. பதிலுக்கு என்னைத் தள்ளிவிட்டாரு."

நான் தலை நிமிரவில்லை.

"ஞானப்பூ, எனக்கு எட்டு நாள்தான் ஆச்சு. பத்தொம்பது வயசுப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டுப் போன சொல்லு இன்னும் என் வாயில சூடா இருக்கு. ஆனா நான் சொன்ன அந்தப் பிள்ளை இப்ப இல்ல. நீ வளந்துட்ட. நான் இல்லாம வளந்துட்ட. அது உன் தப்பு இல்ல." சிறு பையனைப்போல முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் கையை அவர் முதுகில் வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மே 16, புதன். காலை

நேற்று கோயிலில் ஊர் கூடியது. என் கணவர்தான் பேசினார். கதவை ஓர் ஆள் ஐந்து நிமிஷம் தாங்கினால் இங்கே ஒன்றேகால் நாள் தண்ணீர். முறை வைத்து இறங்கினால் யாரும் சாக வேண்டியதில்லை, யாரும் அங்கேயே கிடக்கவும் வேண்டியதில்லை. நாற்பது பேர் கை தூக்கினார்கள். வாயை மணல் மூடாமல் பார்த்துக்கொள்வது தம் பொறுப்பு என்றார். காற்றுக்காலத்தில் அது நிற்குமா என்று அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. யார் முதலில் என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "சரி," என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இந்த நோட்டில் பல இடத்தில் உண்மையை மறைத்திருக்கிறேன். தொண்டை வறண்டதால் என்று எழுதினேன், களைப்பு என்று எழுதினேன். திங்கட்கிழமை நான் அழுதது கொம்பையாவுக்காக. போன வருஷம் அவர் என்னை முதுகில் சுமந்த நாளிலிருந்தே அப்படித்தான். கணவருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று எட்டு மாதம் மணல் தோண்டினேன். கொம்பையாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் தோண்டினேன் என்றால் அதுவும் உண்மைதான்.

மேட்டில் காற்று எழும்புகிறது. கயிறு தயார் என்று கூப்பிடுகிறார்கள். நான் இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் கீழே கொம்பையா ஒரு மூச்சு விட்டிருப்பார். இன்னொரு மூச்சு தனியாக விட வேண்டாம்.